சமாதானம் கேட்ட ஞாயிறு

என் கணவர் கிதியோனை அடக்கம் செய்த அன்று சாலையில் ஒரு சுற்றுலா பஸ் நின்றிருந்தது. குழியருகே நின்ற நான் அதைக் கவனிக்கவில்லை. ஆறு மாதம் கழித்து, பெட்ரோல் பங்கில் கிடந்த ஒரு விளம்பரத் தாளில், அன்று குழியருகே நின்ற என் முகத்தைப் பார்த்தேன். வாய் பாதி திறந்திருந்தது. கீழே, 'உண்மையான ஆமிஷ் வீட்டில் சாப்பிட வாருங்கள்'.

அந்த வீடு பெனுவேலுடையது. கிதியோனின் சித்தப்பா மகன். எங்கள் சபையில் மூப்பருக்கு அடுத்த பொறுப்பில் இருக்கும் உதவிக்காரன்.

காரும் மின்சாரமும் வேண்டாம் என்று பழைய முறையில் வாழும் கிறிஸ்தவர்கள் நாங்கள், ஆமிஷ்காரர்கள்; படத்துக்கு நிற்பதில்லை. இருபது வருடம் கூட வாழ்ந்தவரின் முகம் ஒரு தாளில்கூட என்னிடம் இல்லை. என் முகம் மட்டும் ஆயிரம் பிரதி.

தாளை எடுத்துக்கொண்டு நேராக அவன் சமையலறைக்குப் போனேன். பஸ்ஸில் வரும் நாற்பது பேருக்கு உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது.

"இதை எடுக்கச் சொல்லு, பெனுவேல்."

"நானா படம் புடிச்சேன்? நானா அச்சடிச்சேன்? எல்லாம் பஸ் கம்பெனிக்காரன் வேலை."

"எடுக்கலேன்னா சமைக்க மாட்டேன்னு சொல்லு."

"அக்டோபர் முடிய சாப்பிட வர்றவங்க பதிஞ்சாச்சு. நிலம் விக்கிற விலையில என் மூணு பசங்களுக்கும் பண்ணை வேணும். மாட்டுப் பாலை வித்து வாங்கிடுவியா நீ?"

"அதுக்கு என் புருஷன் குழிதான் கெடச்சுதா?"

அவன் கிழங்கில் வெண்ணெயைப் போட்டான். "நாம கோர்ட்டுக்குப் போறவங்க இல்ல, மலிண்டா. மன்னிக்கிறவங்க. அதுவும் உன் முகம்னு யாருக்குத் தெரியப்போகுது? அவங்களுக்கு நாம எல்லாரும் ஒரே மூஞ்சிதான்."

தாளை மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இலையுதிர்காலத் திருவிருந்துக்கு இரண்டு வாரம் முன்பு வரும் ஞாயிறு, சபை கூடி ஒவ்வொருவரிடமும் கேட்கும்: கடவுளோடும் சபையோடும் சமாதானமா? ஒருவர் 'இல்லை' என்று சொன்னாலும் திருவிருந்தின் அப்பமும் திராட்சை இரசமும் யாருக்கும் கிடையாது. மனதில் ஏதாவது உறுத்தினால் முன்பே பேசித் தீர்த்துவிடுவோம். தீராவிட்டாலும் 'சமாதானம்' என்று சொல்லிவிடுவோம். நானும் பலமுறை அப்படிச் சொன்னவள்தான்.

அந்த வருடம் பெண்கள் பக்கம் கேட்டு வந்தவன் பெனுவேல்.

"சமாதானமா?" "சமாதானம்." "சமாதானமா?" "சமாதானம்." பெஞ்சு பெஞ்சாக அந்தச் சொல் என்னை நோக்கி வந்தது.

"சமாதானமா, மலிண்டா?"

"இல்ல."

நாங்கள் கூடியிருந்த களஞ்சியத்தின் கீழ்த்தளத்தில் குதிரைகள் கால் மாற்றி நிற்கும் சத்தம் கேட்டது. பக்கத்தில் இருந்த என் நாத்தி லவீனா கிள்ளினாள். "ஒரு காகிதத்துக்காக நூத்தம்பது பேரை நிறுத்துவியாடி? ஒரு வார்த்தை சொல்லு, சாப்பிடப் போகலாம்."

முன்னால் இருந்து மூப்பர் கேட்டார். "யாரோட சமாதானம் இல்ல?"

"கேட்டுக்கிட்டு நிக்கிறானே, அவனோட."

எல்லாவற்றையும் சொன்னேன். என் குரல் நடுங்கவில்லை. அது எனக்கே பயமாக இருந்தது. இது தீரும்வரை திருவிருந்து இல்லை என்றார் மூப்பர்.

நூற்றைம்பது தலைகளும் பெனுவேல் பக்கம் திரும்பின. எல்லோரும் ஒரே மூஞ்சி என்றானே, இப்போது ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

அவன் காது சிவந்திருந்தது. குனிந்து மெதுவாகச் சொன்னான்: "நாளைக்கே கம்பெனியில சொல்லிடறேன். இப்போ சமாதானம்னு சொல்லிடேன், மலிண்டா."

"சொல்லிட்டு வா," என்றேன். "அப்புறம் கேளு."