ஐந்தாவது இணைப்பு

கிழக்கேகோட்டையில் இருந்த அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தின் ஐந்து கவுண்டர்களிலும் முடிவு வாங்க ஆட்கள் நின்றார்கள். தடுப்புக்குப் பின்னால் இசக்கிசெல்வி லினக்ஸ் கணினியின் முன் உட்கார்ந்து, பரிசோதனை முடிவுகளை வலைப்பக்கத்தில் வரவழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். லினக்ஸும், பக்கத்தை எழுதிய பிஎச்பி மொழியும் காசில்லாமல் கிடைத்தவை. முடிவுகள் இருந்த டேட்டாபேஸ் சர்வரோ விலைக்கு வாங்கியது. அதன் லைசென்ஸ் ஒரே சமயத்தில் ஐந்து பேரைத்தான் உள்ளே விடும். இரண்டையும் பேசவைக்கும் டிரைவர் மென்பொருளை இணையத்தில் தேடியெடுத்து, பல நாள் மல்லுக்கட்டி ஓட வைத்திருந்தாள். ஆனாலும் அந்த ஐந்து இடத்தையும் கவுண்டர்களே பிடித்திருந்ததால், அங்கே யாராவது லாகினை விட்டு எழுந்தால்தான் பக்கம் திறந்தது.

"பிள்ளே, நான் சாயா குடிச்சிட்டு வாறேன். அதுக்குள்ள உனக்க பேஜைப் பாத்துக்கோ," என்பாள் ஐந்தாம் கவுண்டர் ரத்னாபாய். செல்வியின் சோதனையெல்லாம் அந்தச் சாயா நேரங்களில்தான் நடந்தது.

மேலாளர் நாகேஸ்வரனிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"இன்னொரு லைசென்ஸா? முதலாளி ஒத்துக்க மாட்டார். தெருவுக்கு ஒரு நெட் கஃபே வந்தாச்சு. ரிசல்ட்டை அங்கேயே பாத்துக்குவாங்க, அஞ்சு கவுண்டர் எதுக்கு? ஒண்ணைக் குறைச்சு அந்த இடத்தைப் பேஜுக்குக் குடுத்துடலாம்."

செல்வி குறுக்கிட்டாள். "வேண்டாம் சார். ரத்னாபாய் அக்கா சாப்பிடப் போற நேரத்துல ரிசல்ட்டையெல்லாம் நம்ம கம்ப்யூட்டருக்குக் காப்பி பண்ணிக்கிடலாம். லைசென்ஸ் வேண்டாம்."

"மத்தியானம் வரைக்கும் பழசையா காட்டுவே? உடனுக்குடன்னு விளம்பரம் குடுத்தாச்சு. ரத்னாபாய் கான்ட்ராக்ட்தானே."

செல்வியும் கான்ட்ராக்ட்தான். இந்த வலைப்பக்கம் ஓடினால் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். சாலைக் கடைவீதியில் மூட்டை சுமக்கும் அப்பா அதை அக்கம்பக்கமெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

சனிக்கிழமை காலை ரத்னாபாய் தடுப்பைச் சுற்றி உள்ளே வந்தாள். அதற்குள் அவளிடம் இனி வேலை இல்லையென்று சொல்லிவிட்டிருந்தார்கள்.

"எனக்க லாகினை நீதான் அழிக்கணுமாமே?"

"ஆமாக்கா." செல்வி நிமிரவில்லை.

"உனக்கு நிரந்தரம் ஆவுமா?"

"ஆவும்னு சொல்லுதாங்க."

"செரி, அழி. நீ அழிக்காட்டி வேற ஆளு அழிப்பான்." ரத்னாபாய் தண்ணீர்ப் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனாள்.

செல்வி அழித்தாள். பக்கம் தயங்காமல் திறந்தது.

"அடிபொளி!" என்று மெச்சினார் பின்னால் நின்ற நாகேஸ்வரன்.

வெளியே ஐந்தாம் வரிசை கலையவில்லை. முதல் பஸ்ஸில் கடலோர விழிஞ்ஞத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண், வியர்வையில் நைந்த பரிசோதனைச் சீட்டைக் கண்ணாடித் துளைக்குள் நீட்டியபடி, காலி நாற்காலியைப் பார்த்து நின்றாள்.