முப்பத்தெட்டாவது படி

முதல் வாரம் ஓட்டகர் கஞ்சாவைப் புகைத்துத்தான் பார்த்தார். ஒரே இழுப்பு. பிறகு அவர் இருமிய இருமலைக் கேட்டு நான்காம் மாடிக்காரர்கள் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். இருபத்தாறு வருஷம் நிலக்கரித் தூசியை வாங்கி வைத்திருக்கும் நுரையீரல் அது. இன்னொரு புகைக்கு அதில் இடமில்லை.

அடுத்த வாரத்திலிருந்து சொட்டு. போன வருஷம் தக்காளிக்குப் பின்னால் நின்ற மூன்று செடிகளின் காய்ந்த பூவை எண்ணெயில் ஊறவைத்து, காலையில் ஐந்து, மாலையில் ஐந்து, நாக்குக்கு அடியில். எங்கள் ஊரில் எல்லாத் தோட்டத்திலும் தக்காளிக்குப் பின்னால் ஏதோ நிற்கும். யாரும் யாருடைய தக்காளிக்குப் பின்னாலும் எட்டிப் பார்ப்பதில்லை.

இத்தனைக்கும் காரணம் மே மாதம் டாக்டரம்மா சொன்னதுதான்.

"ஆக்ஸிஜன் மெஷின் எழுதித் தர்றேன். தினம் பதினாறு மணி நேரம் மாட்டிக்கணும். தோட்டத்தை விட்டுருங்க. அந்தச் சரிவுல மண்வெட்டியோட ஒருநாள் விழுந்து கிடப்பீங்க."

"செப்டம்பர் வரைக்கும் டைம் குடுங்க டாக்டரம்மா."

"செப்டம்பர்ல என்ன ஆகப் போகுது?"

"அளந்து பாத்துட்டுச் சொல்றேன்."

அளப்பது அவருக்குத் தொழில். சுரங்கத்தில் மீத்தேன் அளந்தவர். ஷிப்டுக்கு ஷிப்டு பலகையில் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கூட்டியோ குறைத்தோ எழுதினால் கீழே இருப்பவன் மேலே வர மாட்டான். அதே மாதிரி இப்போதும் ஒரு நோட்டு: தேதி, சொட்டு, படி. தெருவிலிருந்து அவருடைய மூன்றாம் மாடிக்கு ஐம்பத்து நான்கு படிகள், மின்தூக்கி கிடையாது. நிற்காமல் எத்தனை படி ஏறுகிறார் என்பதுதான் கணக்கு. எண் ஏறினால் மெஷின் வேண்டாம், தோட்டம் இருக்கும். இறங்கினால் தோட்டம் போகும். சரிவில் இருக்கும் மனைகள் எல்லாம் தோட்டச் சங்கம் குத்தகைக்குக் கொடுத்தவை; வசந்தத்தில் கொத்தாத மனையைச் சங்கம் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பது விதி. அந்த மனைக்காகவே சங்கத் தலைவருடைய மருமகன் இரண்டு வருஷமாக வேலிக்கு வெளியே நின்று வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறான்.

தலைவர் இன்ஜினியர் க்வாபில். பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிட்டால் காது கேட்காது. இன்ஜினியரைச் சேர்த்தால் உடனே கேட்கும். வேலையில் இருந்த காலமெல்லாம் மின்தூக்கித் துறையில் இருந்தவர். எங்கள் கட்டடத்துக்கு மின்தூக்கி வராமல் போனதற்கான கடிதத்தில் இருப்பது அவருடைய கையெழுத்துதான்.

ஆகஸ்டில் ஒருநாள் ஓட்டகர் முப்பத்தெட்டாவது படி வரை நிற்காமல் ஏறிவிட்டார். ஜூனில் முப்பத்தொன்று. பீர்க்கடையில் வாய் தவறிச் சொல்லிவிட்டார். மறுநாளே தலைவர் பேனாவும் கையுமாக வந்துவிட்டார். செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை, சங்க அறையில் அறிவியல் சொற்பொழிவு: 'மருத்துவக் கஞ்சாவும் மனித நுரையீரலும். இருபத்திரண்டு சதவீத முன்னேற்றம்!' நோட்டீஸின் கீழே சின்ன எழுத்தில், உருளைக்கிழங்கு சாலட் உண்டு.

அறை நிறைந்தது. தலைவர் இருபது நிமிஷம் பேசினார். பண்டைய நாகரிகங்கள் வந்தன, ஐரோப்பா வந்தது, தன்னுடைய பட்டமளிப்பு விழாவும் வந்தது. கடைசியில் ஓட்டகர் வந்தார்.

"நம்ம சங்கத்து ஆய்வாளர்! படிங்க ஓட்டகர்."

ஓட்டகர் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் மூச்சு வாங்கியது.

"ஜூன், முப்பத்தொண்ணு. ஜூலை, முப்பத்திரண்டு. ஆகஸ்ட் ஒம்பது, முப்பத்தெட்டு."

கைதட்டல். தலைவர் எழுந்து அதை வாங்கிக்கொண்டார்.

"ஆகஸ்ட் இருபது, முப்பது. செப்டம்பர் அஞ்சு, இருபத்தேழு. நேத்து, இருபத்திரண்டு."

"அதாவது," என்றார் தலைவர், "அறிவியல்ல ஏற்ற இறக்கம் சகஜம்."

"ஏற்றம் இல்ல இன்ஜினியர் சார். இறக்கம்."

பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்:

"அது கெடக்கட்டும், முட்டிக்குக் கேக்குமா?"

அறைக்கு உயிர் வந்தது. மீதி ஒரு மணி நேரமும் முட்டிதான். கஞ்சாக் களிம்புக்குப் பன்றிக்கொழுப்பா, மெழுகா? இரண்டு வேளையா, மூன்றா? தலைவரே சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்துக் காட்டினார். ஓட்டகர் நோட்டை மூடிவிட்டு சாலட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நுரையீரலைப் பற்றி அதற்கு மேல் யாருக்கும் கேள்வி இல்லை.

நான் குடியிருப்பது முதல் மாடி. கதவு மெல்லிசு. அன்று சாயங்காலம் ஓட்டகர் என் வாசலைத் தாண்டி நாலு படி ஏறி உட்கார்ந்தது கேட்டது. இருபத்திரண்டு. கூட வந்த அவர் மனைவி ஸ்தேனா பையைக் கீழே வைத்தாள்.

"ஓட்டா, ஒண்ணு சொல்லணும். கத்தாத, மூச்சு போயிரும்."

"சொல்லு."

"ஜூலை கடைசியிலேருந்து நீ நாக்குக்கடியில விட்டுக்கறது சூரியகாந்தி எண்ணெய்."

"எது, வறுக்கறதா?"

"வறுக்கறதுதான். உன்னோடத எடுத்துக் கொழுப்புல கலக்கி முட்டியில தேச்சுக்கிட்டேன். உனக்குத் தெரியக் கூடாதுன்னு அளவு பாத்து ஊத்தி வெச்சேன்."

"அப்ப அந்த முப்பத்தெட்டு?"

"சூரியகாந்தி."

அவர் சிரிக்க ஆரம்பித்து இருமலில் முடித்தார். ஸ்தேனா முதுகைத் தட்டும் சத்தம்.

"அடிப்பாவி, நாலு மாச ஆராய்ச்சிடி! கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா?"

"கேட்டா அதுக்கும் ஒரு கட்டம் போட்டு எழுதுவ. படி ஏறுறது நீ மட்டுமா? உருளைக்கிழங்கு மூட்டை, பீர், உன் மருந்து, எல்லாம் தானா நடந்து வருதா? அம்பத்தி நாலு படி. என்னைக்காவது என்னை எண்ணியிருக்கியா?"

எண்ணியதில்லை.

"இப்ப எத்தன ஏறுற?" என்று கேட்டார் ஓட்டகர்.

"அம்பத்தி நாலும். நிக்காம."

"களிம்பாலயா?"

"யாருக்குத் தெரியும்? தேய்க்கறதாலயும் இருக்கும்."

பென்சில் நோட்டில் உரசும் சத்தம் கேட்கும் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"திங்கக்கிழமை டாக்டரம்மாவுக்குப் போன் போடு," என்றார். "மெஷின் வரட்டும். நான் களைச்சுட்டேன் ஸ்தேனா. தோட்டத்த அந்த மருமவன் எடுத்துக்கட்டும்."

"எதுக்கு? நான் கொத்துறேன். முட்டி நல்லாயிருக்கு. மூச்சு எப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு, எவன் கேட்டான்?"

"உனக்குத் தக்காளிக்குக் குச்சி நடத் தெரியாதே. நான் பக்கத்துல நின்னு சொல்லணும், கத்தணும்..."

"கத்த உனக்கு மூச்சேது? அதனாலதான் தைரியமாப் போறேன்."

மெஷின் அக்டோபரில் வந்தது. அதே வாரம் சங்கத்தின் செய்திமடலும் வந்தது. சொற்பொழிவு மாபெரும் வெற்றி என்றும், முன்னேற்றம் இருபத்திரண்டு சதவீதம் என்றும், ஆய்வை வழிநடத்தியவர் இன்ஜினியர் க்வாபில் என்றும் அதில் அச்சாகியிருந்தது. மெஷின் ஓடும்போது ஒரு பக்கம் ஆடிக்கொண்டிருந்தது. ஓட்டகர் செய்திமடலை நாலாக மடித்து மெஷினுக்கு அடியில் செருகினார். அதற்கப்புறம் ஆடவில்லை.