இல்லைகள் போன பக்கம்

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, மாடியில் ஓர் அறை. உள்ளே நான்கு நாற்காலிகள், ஒரு மேசை, வெளிர்நீலத்தில் ஒரு திரைச்சீலை. காற்று வந்தால் திரை உள்பக்கம் புடைக்கும், போனால் சன்னலோடு ஒட்டிக்கொள்ளும். பார்த்துக்கொண்டே இருந்தால் அறை மூச்சு விடுவது போலத் தோன்றும். வார்த்தை தொண்டையில் சிக்கிக்கொள்கிறவர்கள் வந்து உட்கார்ந்து ஆற அமரப் பேசிப் பழகட்டும் என்று அக்கா வாடகைக்குப் பிடித்த அறை அது. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சிப் பிரிவில் இருந்த வேலையை அதற்காகவே விட்டாள். விட்டு என்ன, ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. மாதக் கடைசிக்குள் ஒருவராவது வராவிட்டால் சாவியைக் கீழே கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் பழைய வேலைக்கே போய்விடுவேன் என்று சொல்லிவிட்டாள்.

இதில் யாருக்கு அதிகம் வலித்தது என்று கேட்பீர்கள். தங்கைக்குத்தான். வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள். அக்கா பேச்சுப் பயிற்சிப் படிப்பை எடுத்ததே சின்னவளுக்காக. சின்னவளுக்கு ‘க’வும் ‘ச’வும் இன்னும் பலவும் வாசல்வரை வந்துவிட்டு வெளியே வர வெட்கப்படும் எழுத்துகள். அதனால் வாயைத் திறக்க வேண்டாத வேலையாகப் பார்த்து, வீட்டிலிருந்தே இணையப் பக்கங்கள் செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள். அக்காவின் அறைக்கும் அவள்தான் ஒரு பக்கம் செய்தாள். ராத்திரி பகலாக யோசித்து மூன்று வரி எழுதினாள்:

உங்கள் பேச்சில் குறை எதுவும் இல்லை.
சிரிக்கிறவர்கள் இங்கே யாரும் இல்லை.
பேசியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மேசைமேல் இருந்த கணினியின் அகலத் திரையில் அந்த வரிகளைப் பார்த்த அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்படியும் ஒருவரும் வரவில்லை.

ஒருநாள் மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட அத்தான் வந்தார். அக்காவின் வீட்டுக்காரர், பஸ் ஓட்டுகிறவர். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

“ஏம்மா சின்னவளே, உங்க அக்கா மேல உனக்கு ஏதாவது பழைய கோபமா?”

“எ... என்ன அத்தான்?”

“எங்க டிப்போ மெக்கானிக்கோட மச்சானுக்குப் பேச்சு திக்கும். என் கொழுந்தியா செஞ்ச பக்கம் பாருன்னு மெக்கானிக்கிட்ட பெருமையா போன்ல எடுத்துக் குடுத்தேன். மனுஷன் படிச்சாரு, போனை என் கையில திணிச்சாரு, ஸ்பேனரை எடுத்துக்கிட்டு வண்டிக்கு அடியில போயிட்டாரு. வெளியவே வரல. என்னடான்னு நானும் படிச்சுப் பாத்தேன்.”

போனை நீட்டினார். சின்னவள் பார்த்தாள்.

உங்கள் பேச்சில் குறை
சிரிக்கிறவர்கள் இங்கே
பேசியே தீர வேண்டும்

“குறை உன்கிட்ட. சிரிக்க ஆளு ரெடி. வாயத் திறக்காம வெளிய விடமாட்டோம். போலீஸ் ஸ்டேஷன் தோத்துது போ!”

சின்னவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிரித்து முடிப்பதற்குள் போனை வாங்கி மறுபடி படித்தாள். போனை எடுத்துப் பார்த்த ஒவ்வொருவரும் இதையல்லவா படித்திருப்பார்கள்? ஏற்கெனவே பயந்துபோய் இருக்கிறவர்கள்.

“நீ போன்ல பாக்கவே இல்லையா?” என்றார் அத்தான்.

பார்த்திருந்தாள். அதுதான் வேடிக்கை. பக்கத்தின் அகலம் தொள்ளாயிரத்து அறுபது பிக்சல் என்று, பக்கத்தின் தோற்றத்துக்கு விதி சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் அவளே எழுதி வைத்திருந்தாள். போன் திரைக்கு அதில் பாதிகூடக் கிடையாது. மிச்சம் வலப்பக்கம் வழிந்து, விரலால் தள்ளினால் பக்கம் அப்படியும் இப்படியும் ஆடியது. ஆட்டம் நிற்கட்டும் என்று, வழிவதை மறைத்துவிடும் ‘ஓவர்ஃப்ளோ ஹிடன்’ விதியைப் போட்டாள். ஆட்டம் நின்றது. அவளும் திருப்தியாக மூடி வைத்துவிட்டாள். வரிகளைப் படிக்கவில்லை. மனப்பாடமான வரியை யார் படிப்பார்கள்? விட்டுப்போனதைக் கண்ணே நிரப்பிக்கொள்ளும்.

அத்தான் சாப்பிட்டுப் போனதும் கணினி முன்னால் உட்கார்ந்தாள். வெயில் சன்னல் வழியாகச் சாய்ந்து விசைப்பலகைமேல் படுத்திருந்தது. எங்கோ ஒரு மின்விசிறி கிர் கிர் என்றது. கண் செருகியதோ என்னவோ, திரையின் வலது விளிம்பு ஒரு கரையாக மாறியது. கரைக்கு அப்பால் மங்கலான நீர். நீரோரத்தில் இல்லைகள் எல்லாம் உட்கார்ந்திருந்தன. ஒன்று காலை நனைத்துக்கொண்டிருந்தது. ஒன்று இன்னொன்றின் தோளில் தலை சாய்த்திருந்தது. அவற்றுக்குப் பின்னால், சின்னவள் பிறந்ததிலிருந்து பாதியில் விட்ட சொற்களின் வால்கள், சின்னச் சின்னதாய், எண்ண முடியாத கூட்டமாய்.

“ஏன் வெளியே உக்காந்திருக்கீங்க?” என்று கேட்டாள். அங்கே அவளுக்குத் திக்கவில்லை.

“நீதானே கதவைச் சாத்தினே,” என்றது கால் நனைத்த இல்லை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

திடுக்கிட்டு நிமிர்ந்தாள். வெயில் விசைப்பலகையிலிருந்து இறங்கித் தரைக்குப் போயிருந்தது. மறைக்கும் விதியை அழித்தாள். அகலம் இவ்வளவு என்று அடித்துச் சொல்லியிருந்ததை, அதிகபட்சம் இவ்வளவு, திரை சிறியதானால் நீயும் சுருங்கிக்கொள் என்று மாற்றினாள். போனைத் திறந்தாள். வரிகள் மடிந்து கீழே இறங்கின. மூன்று இல்லைகளும் வந்து சேர்ந்திருந்தன.

தலைப்பு மட்டும் அடங்கவில்லை. ‘தயங்கிக்கொண்டிருப்பவர்களுக்காக’ என்று பெரிய எழுத்தில் ஒரே சொல். இடைவெளி இல்லாத சொல் எங்கே மடியும்? ரயில் மாதிரி விளிம்பைத் தாண்டி நீண்டது. எங்கே வேண்டுமானாலும் உடை என்று ஒரு விதி எழுதினாள். அது பக்கம் முழுக்கக் கைவரிசையைக் காட்டிவிட்டது. ‘கட்டா’ மேலே, ‘யம்’ கீழே. ‘யா’ ஒரு வரி, ‘ரும்’ ஒரு வரி.

அந்த நேரம் பார்த்து அக்கா வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“என்னடி இது, உன் பக்கத்துக்கும் பேச்சு திக்குது? இதையும் நாந்தான் உக்கார வெச்சுப் பழக்கணுமா?”

“சு... சும்மா இரு அக்கா. உன் பீஸை எ... என்னால குடுக்க முடியாது.”

இருவரும் சிரித்தார்கள். அந்த விதியைத் தூக்கிவிட்டு, ஒரு சொல் முழுதாக ஒரு வரியில் கொள்ளாவிட்டால் மட்டும் உடை என்று சின்னவள் மாற்றினாள். தலைப்பின் எழுத்தையும் போனுக்கு மட்டும் சிறிதாக்கினாள். சொல் அலுங்காமல் போய் உட்கார்ந்தது.

உடனே ஊரே திரண்டு வந்துவிட்டது என்று சொன்னால் நீங்களே நம்பமாட்டீர்கள். யாரும் வரவில்லை. மாதக் கடைசி வந்தது. அக்கா நாற்காலிகளைத் துடைத்து ஓரமாக அடுக்கினாள். முகத்தைக் காட்டாமல் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். திரைச்சீலையைக் கழற்ற வந்திருந்த சின்னவள் அதைப் பிடித்தபடியே நின்றாள்.

மேசைமேல் இருந்த போன் மணி அடித்தது.

சின்னவள் போன் எடுக்கிற ஆளே இல்லை. அடிக்கட்டும், அக்கா வரட்டும் என்று விடுகிறவள். இன்று அக்கா வந்தால் வெறுங்கையோடுதான் வருவாள். எடுத்தாள்.

மறுமுனையில் பேச்சில்லை. மூச்சு மட்டும். வேறு யாராவது என்றால், யாருமில்லை என்று வைத்திருப்பார்கள். அந்த அமைதிக்குள் ஒரு சொல் சிக்கிக்கொண்டிருப்பது சின்னவளுக்குத் தெரியும். காத்திருந்தாள்.

“தி... தி... திங்கக்கிழமை வரலாமா?” ஒரு பெண் குரல்.

“வ... வாங்க.”

“நீங்களுமா?”

“நா... நானும்தான்.”

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. “சிரிக்கிறவங்க யாரும் இல்லைன்னு போட்டிருந்துச்சே!”

“இப்ப ரெ... ரெண்டு பேர் இருக்கோம்.”

போனை வைத்தாள், சன்னலுக்கு ஓடினாள். கீழே கடை வாசலில் அக்கா சாவியை நீட்டிக்கொண்டிருந்தாள். கடைக்காரரின் கை வந்துகொண்டிருந்தது.

“அக்கா! சா... சாவியைக் குடு... குடு...”

தெருவே தலையை நிமிர்த்தியது. சைக்கிள்காரர் ஒருவர் காலை ஊன்றி நின்றார். சின்னவளுக்குக் காது சிவந்தது. எப்போதும் இந்த இடத்தில்தான் போதும் என்று விட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். போகவில்லை. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“அதான் குடுக்கச் சொல்றாங்களேம்மா,” என்றார் கடைக்காரர்.

அக்கா சாவியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு மேலேயே பார்த்தாள்.

“இருங்க. அவ இன்னும் முடிக்கல.”