நீல மையில் பலராமன்

சேவூர் ஜெபவீட்டின் சுவரில் ஒரு பெரிய அட்டை தொங்கியது. இடது பக்கம் சிவப்பு மையில் விண்ணப்பங்கள், வலது பக்கம் நீல மையில் ஸ்தோத்திரங்கள். இடது பக்கத்தின் முதல் பெயர் ஆறு வருடமாக மாறவில்லை: பலராமன், இடுப்பு மற்றும் இடது கால். கல்யாணம் ஆகாத பெண்கள் அந்தப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளையோடு கிளம்பிப் போனார்கள். வேலை இல்லாதவர்களுக்கு வேலை கிடைத்தது. சந்தவாசலிலிருந்து வந்த ஒரு மஞ்சள் காமாலை மூன்றே வாரத்தில் நீலத்துக்குத் தாவியது. பலராமன் மட்டும் கரெண்டு கம்பம் மாதிரி நட்ட இடத்திலேயே நின்றார்.

“இந்த லிஸ்ட்ல நான்தாங்க சீனியர். பென்ஷன் எதுனா உண்டா?” என்று பாஸ்டரிடமே கேட்டிருக்கிறார்.

பாஸ்டரின் பெயர் சின்னப்பையன். வயது அறுபத்திரண்டு. ஞானஸ்நானத்தின்போது பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்னார்களாம். அம்மா வைத்த பெயர் என்று விடாப்பிடியாக வைத்துக்கொண்டவர். ஜெபவீட்டில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தியதும் அவர்தான். சிவப்புப் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்குவார்கள். சீட்டு எடுத்தவர், அந்தப் பெயர் நீலத்துக்குப் போகும்வரை வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டை விட்டு ஜெபிக்க வேண்டும். யார் கையில் யார் பெயர் என்பதை மூச்சு விடக்கூடாது. மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சீட்டு கிடையாது. அந்த வகையில் பலராமனுக்கு நோயால் கிடைத்த ஒரே சலுகை, வெள்ளிக்கிழமைச் சாப்பாடு.

அவர் பட்டு நெசவாளி. ஆறு வருடத்துக்கு முன்னால் தறிக்குழியில் இறங்கும்போது கால் வழுக்கி இடுப்பு அடிபட விழுந்தார். ஆப்பரேஷன் நடந்தது. அதன் பிறகு இடுப்பில் நெருப்பு, அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. இடது கால் கூடவே வரும், விருந்தாளி மாதிரி, வேலை எதுவும் செய்யாது. தறியின் மிதிகட்டையை மிதிக்க முடியாததால் இப்போது மற்றவர்கள் தறிக்குப் போய், தீர்ந்துபோன நீளவாட்டு நூலான பாவின் முனையோடு புதுப்பாவின் முனையை ஒவ்வொரு இழையாகத் திருகிச் சேர்த்துக் கொடுக்கிறார். நாலாயிரத்துச் சொச்சம் இழை. கால் வேண்டாத வேலை.

முதல் வருடம் அழுதார். இரண்டாம் வருடம் கடவுளோடும் ஹேமலதாவோடும் சண்டை போட்டார். ஹேமலதா அவர் மனைவி. ஞாயிற்றுக்கிழமை மொபெட்டில் அவரை ஜெபவீட்டில் இறக்கிவிட்டு, ஆடி மாதத்தில் படவேட்டு ரேணுகாம்பாள் அம்மனிடமும் தனியாக ஒரு மனு கொடுத்துவிட்டு வருகிறவள். மூன்றாம் வருடத்திலிருந்து பலராமனுக்குள் அழுகையும் இல்லை, சண்டையும் இல்லை. மகள் கல்யாணத்தில் எல்லா போட்டோவிலும் சிரித்தபடி இருக்கிறார். யார் வீட்டுக் கல்யாணமோ என்றுதான் அவருக்கு இருந்தது.

கேலி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பவர்களை ஜல்தியாக அனுப்பி வைக்க அதைவிட நல்ல வழி இல்லை.

அந்தக் கேலிதான் வினையாயிற்று. கலசப்பாக்கத்திலிருந்து பாஸ்டர் வீட்டுக்கு மருமகளாக வந்திருந்த தீபாவிடம் அட்டையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வந்தது. அவள் நோட்டும் கையுமாக, “அண்ணா, இடுப்பு எப்படி இருக்குதுங்க?” என்று கேட்டாள்.

“ஜம்முனு இருக்குதும்மா. நாளைக்கு ஓட்டப்பந்தயத்துல பேர் குடுத்துகினு இருக்கேன். ஸ்தோத்திரம்!”

பழகியவர்கள் சிரித்திருப்பார்கள். தீபா கண் கலங்க எழுதிக்கொண்டாள். அடுத்த ஞாயிறு அவர் பெயர் நீல மையில், ஒரு நட்சத்திரத்தோடு இருந்தது. பலராமன் பார்த்தார். சொல்லித் திருத்தியிருக்கலாம். அதற்கு எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, என்ன மாத்திரை என்று முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பேஜார். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

அதற்கும் அடுத்த ஞாயிறு போளூரிலிருந்து விருந்தாளிச் சபையார் ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். பாடல் முடிந்ததும் பாஸ்டர் மைக்கில் சொன்னார்: “ஆறு வருஷ வேதனை! கர்த்தர் விடுதலை குடுத்துட்டார். பிரதர் பலராமன் இப்ப சாட்சி சொல்வார்.”

எல்லாரும் கை தட்டினார்கள். இரண்டு பேர் தாங்கிப் பிடித்து எழுப்பினார்கள். குணமானவரை ஏன் தாங்க வேண்டியிருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை.

மைக் கையில் வந்தது. இரண்டு நிமிடம் போதும். ஸ்தோத்திரம், குணமாச்சு, ஆமென். பாஸ்டர் முகம் வாடாது, தீபா அழமாட்டாள், வேனில் வந்தவர்கள் சந்தோஷமாகப் போவார்கள். உண்மையைச் சொன்னால் பாஸ்டர் வெளியூர்க்காரர்கள் முன்னால் தலை குனிவார். இனி இந்த வாசலை எந்த முகத்தோடு மிதிப்பது? ஆனால் பொய்யைச் சொன்னால், கடவுளிடம் கேலி செய்யாமல் வைத்திருந்த கடைசி ஒன்றும் போய்விடும். எது என்று அவருக்கே பெயர் தெரியவில்லை.

“எனக்கு வலி போவலீங்க.”

கை தட்டல் நின்றது. பக்கத்துக் கொட்டகையில் பவர்லூம் ஓடும் சத்தம் கேட்டது.

“அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. நான்தான் விளையாட்டா சொன்னேன். கேக்கறவங்களுக்கெல்லாம் பதில் சொல்ல முடியாம ஒரு ஸ்தோத்திரத்தப் போட்டு ஓட்டிகினு இருந்தேன். ஜெபம்னு கண்ண மூடறேங்க. உள்ள ஒண்ணும் ஓடல. கரெண்டு இல்லாத வீட்ல சுவிச்சு போட்ற மாதிரி. இருந்தாலும் வர்றேன். ஏன் வர்றேன்னு தெரியல. வராம இருக்கவும் முடியல.”

விருந்தாளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து ஓர் அலறல் கிளம்பியது.

“ஐயய்யோ! போன வெள்ளிக்கிழமை நான் பிரியாணி தின்னுட்டனே!”

பாஞ்சாலை எழுந்து நின்றுகொண்டிருந்தாள். பவர்லூமில் நூல் சுற்றுகிறவள், சபையிலேயே உரக்க ஜெபிக்கிறவள். “கடவுளுக்குக் காது நல்லாத்தான் கேக்குது, பாஞ்சால” என்று பலராமன் வாரந்தோறும் வம்புக்கு இழுப்பது அவளைத்தான். “உங்களுக்குத்தாண்ணா கேக்கல” என்று அவளும் விடமாட்டாள்.

“பாஞ்சால, சீட்டு சமாச்சாரம் வெளிய…” என்றார் பாஸ்டர்.

“இன்னும் என்னா பாஸ்டர் ரகசியம்! ஆறு வருஷம்! வெள்ளிக்கிழமையானா எல்லாரும் டப்பாவத் தொறப்பாங்க. நான் பைப்புல தண்ணியக் குடிச்சுட்டு வந்து இந்த மனுசன் இடுப்புக்காக முட்டி போடுவேன். எந்தங்கச்சி வளைகாப்புல கூட எலையில உக்காரல. போன வாரம் நீலத்துல பாத்தேன். சரி, ஆண்டவர் முடிச்சுட்டாருன்னு ஒரு பிளேட்டு வாங்கினேன். அதுவும் லெக் பீஸோட!” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “ஒரு வெள்ளிக்கிழம போச்சே!”

பலராமன் வழக்கம்போல ஏதாவது சொல்ல வாயைத் திறந்தார். “நல்லா இருந்துச்சா?” என்று மட்டும் கேட்டார்.

“பேசாதீங்கண்ணா, வயிறு எரியுது. தீபா, அந்தப் பேர ஜல்தியா சிவப்புல எழுதும்மா!”

யாரோ சிரித்தார்கள், அழுகையும் கலந்த சிரிப்பு. பாஸ்டர் தானே போய் நீலத்தை அடித்துவிட்டுச் சிவப்பில் எழுதினார். திரும்பி வந்து, மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, “உன்ன ஒரு வார்த்த கேக்காம எழுப்பி வுட்டேன். மன்னிச்சுக்கோ பலராமா” என்றார்.

மொபெட்டில் போகும்போது ஹேமலதாவிடம் நடந்ததைச் சொன்னார்.

“எந்தப் பாஞ்சால? அந்த சத்தம் போட்றவளா?”

“ஆமா.”

“ஆறு வருஷமாவா?”

“ஆமா.”



வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு ஹேமலதா தட்டு வைத்தாள். மாத்திரைக்காக அவர் சாப்பிட்டே ஆகவேண்டும். சோற்றைப் பிசைந்தவர், வாய்க்குக் கொண்டுபோகாமல் உட்கார்ந்திருந்தார். இந்நேரம் பவர்லூமில் டப்பாக்களைத் திறந்திருப்பார்கள். ஒருத்தி பைப்புக்குப் போயிருப்பாள். இவருக்கு ஒன்றுமே ஓடாத அத்தனை வருடமும் போயிருக்கிறாள். கண்ணை மூடினார். இடுப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றும் வரவில்லை. “அவளுக்குப் பசிக்கும், ஆண்டவரே” என்றார். அவ்வளவுதான் ஜெபம்.

பிறகு ஒரு வாய் சாப்பிட்டார். மென்றார். நிறுத்தினார்.

“குழம்புல உப்பு இல்லியே?”

ஹேமலதா கரண்டியோடு நின்றுவிட்டாள். “டாக்டர் பிரஷர்னு சொன்னதிலேர்ந்து கொறைச்சுத்தான் போட்றேன். ரெண்டு வருஷமாவுது.”

“ரெண்டு வருஷமாவா?”

“நீங்க ஒரு நாளும் கேக்கலியே.”

உள்ளே போய் உப்பு ஜாடியோடு வந்தாள். மூடியைத் திறக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“ஒரு சிட்டிகைதான், சொல்லிட்டேன்” என்றாள்.

இடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. பலராமன் தட்டை நீட்டினார்.