லவானாவைத் தெரிந்த இரண்டு பேர்

நான்கு மணிக்கு நீதிமன்றத்தில் மனு வாங்கும் ஜன்னலை மூடிவிடுவார்கள். அதற்குள் மனைவி லவானாவின் கையெழுத்து, நோட்டரி முத்திரையோடு உள்ளே போய்ச் சேராவிட்டால் டெர்ரலின் விவாகரத்து வழக்கு தள்ளுபடி. இரண்டு வருடமாகக் காகிதங்களைத் தூங்கவிட்டவன் டெர்ரல்தான். இதுதான் கடைசி நாள் என்று நோட்டீஸ் வந்த பிறகே விழித்துக்கொண்டான். விவாகரத்து கேட்டவனும் அவன்தான். காரணம் கேட்டவர்களிடம் “எங்களுக்குள்ள பேச ஒண்ணுமில்ல” என்று சொல்லிவந்தான். கேட்டவர்களும் அதற்குமேல் ஆர்வம் காட்டவில்லை.

யெசேனியா நடமாடும் நோட்டரி. பேக்கர்ஸ்ஃபீல்ட் நகரின் சிறை, ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் காரில் போய் முத்திரை குத்துகிறவள். இன்றைக்கு ஒரு டோனட் கடை. மூலை மேசையில் கிடந்த சர்க்கரைத் தூளைத் துடைத்துவிட்டுப் பதிவேட்டை விரித்தாள். அடையாளத்துக்கு டெர்ரல் தன் டிரைவிங் லைசென்ஸை நீட்டினான்.

“உங்களுது வேண்டாம் சார். உங்க கையெழுத்த யாரும் சந்தேகப்படல. வழக்குல பதில் மனு போடாதவங்க கையெழுத்துக்குத்தான் முத்திரை. இவங்க லைசென்ஸ் குடுங்க.”

எதிரே உட்கார்ந்திருந்த லவானா கையை விரித்தாள். “பர்ஸோட தொலைஞ்சுபோச்சு. புது லைசென்ஸ் தபால்ல வருது.”

“பாஸ்போர்ட்?”

“எங்க போகப்போறேன்னு அத எடுக்கறது.” இதைச் சொல்லும்போது அவள் டெர்ரலைப் பார்க்கவில்லை. அவன் கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டு நாற்பது.

“இவதாங்க லவானா. பத்தொன்பது வருஷமா எனக்குத் தெரியும்.”

“நீங்க வழக்குல ஒரு தரப்பு. நீங்க சொன்னா செல்லாது.”

“புருஷன் சொன்னாக்கூடவா?”

“புருஷன் சொன்னா சுத்தமா செல்லாது சார்.”

ஆனால் சட்டத்தில் ஒரு வழி இருந்தது. இந்தக் காகிதத்தால் எந்த லாபமும் இல்லாத இரண்டு பேர், தங்கள் அடையாள அட்டையோடு வந்து, இவள் இன்னார்தான், எங்களுக்கு நன்றாகத் தெரியும் என்று சத்தியம் செய்தால் போதும்.

டெர்ரலுக்கு உயிர் வந்தது. பக்கத்துத் தெரு டயர் கடையிலிருந்து ராய்ஸை வரவழைத்தான். ராய்ஸ் பதினாறு வருட நண்பன். இருவரும் பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் ஆடப்போகும் ஒவ்வொரு வியாழனும் லவானா சமைத்ததைத் தின்று வளர்ந்த வயிறு அவனுடையது.

“வணக்கம் பாஸம்மா” என்றான் லவானாவிடம். எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவான். யெசேனியா அவனை வலது கையைத் தூக்கச் சொன்னாள்.

“இவங்க முழுப் பேரு?”

ராய்ஸ் டெர்ரலைப் பார்த்தான்.

“அவரப் பாக்காதீங்க.”

தூக்கிய கை மெல்ல இறங்கியது. “டெர்ரலோட பொண்டாட்டிங்க.”

“அத முடிக்கத்தான் சார் இந்தக் காகிதமே.”

லவானா சிரித்துவிட்டாள். ராய்ஸுக்குக் காது சிவந்தது. “டேய், நீ ஒரு தடவையாவது பேர சொல்லியிருக்கியாடா? வீட்டுக்காரி, வீட்டுக்காரின்னே சொன்னா நான் எங்க போய்க் கண்டுபிடிக்கறது?” என்றவன், வந்ததற்கு ஒரு டோனட் வாங்கிக்கொண்டு போனான்.

மணி மூன்று. வேறு யார் என்று டெர்ரல் யோசித்தான். ஞாபகத்துக்கு வந்தவர்கள் எல்லாம் அவனுடைய ஆட்களாகவே இருந்தார்கள். அதற்குள் லவானா கைபேசியை எடுத்துவிட்டாள். “டெல்ஃபீனா, வகுப்பு முடிஞ்சுதா? லைசென்ஸ எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் வாங்க.”

பன்னிரண்டு நிமிடத்தில் இரண்டு பெண்கள் வந்தார்கள். தலை ஈரம். குளோரின் வாடை டோனட் வாசனையை ஓரம் தள்ளியது.

“இவரா அவரு?” என்றாள் டெல்ஃபீனா.

“இவருதான்” என்றாள் லவானா.

“இன்னும் உயரமா இருப்பாருன்னு நெனச்சேன்.”

யெசேனியா கேட்டதும் இருவரும் முழுப்பெயரைத் தயங்காமல் சொன்னார்கள். எப்படிப் பழக்கம் என்றதற்கு டெல்ஃபீனா சொன்னாள்: “நாலு வருஷமா ஒண்ணா நீந்தறோம். இவங்க எங்களவிட வேகம்.”

டெர்ரல் நிமிர்ந்தான். ஒவ்வொரு கோடையிலும் பிஸ்மோ கடற்கரையில் அவன் அலையில் குதிக்கும்போது, லவானா மணலில் உட்கார்ந்து அவன் செருப்புகளைக் காவல் காப்பாள். அவளுக்குத் தண்ணீர் என்றால் பயம் என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தான்.

“உனக்கு நீந்தத் தெரியுமா?”

“அப்பத் தெரியாது. அப்புறம் கத்துக்கிட்டேன்.”

“சொல்லவேயில்லையே.”

“ரெண்டு தடவ சொன்னேன் டெர்ரல். முதல் தடவ ‘அப்படியா’ன்ன. ரெண்டாவது தடவ அதுவும் இல்ல.”

யெசேனியா தலை குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். காதில் விழாததுபோல இருப்பதும் இந்த வேலைக்கு ஒரு தகுதி. சட்டம் அனுமதித்திருந்தாலும் தன்னால் அந்தச் சத்தியத்தைச் செய்திருக்க முடியாது என்று டெர்ரலுக்குத் தோன்றியது. முழுப்பெயர் வரைக்கும் சமாளித்திருப்பான். அடுத்த கேள்வியில் ராய்ஸின் கதிதான்.

லவானா கையெழுத்திட்டாள். பதிவேட்டில் கட்டைவிரலை அழுத்தினாள். முத்திரை விழுந்தது. மூன்று இருபத்தைந்து.

“லவானா, இன்னிக்கே குடுக்கணும்னு இல்ல” என்றான் டெர்ரல். “வழக்கு போனா போகட்டும். வேணும்னா அப்புறம் பாத்துக்கலாம். கொஞ்சம் பேசலாம்.”

அவள் காகிதங்களை அடுக்கி உறையில் போட்டு அவன் பக்கம் தள்ளினாள். கோபமாக இல்லை. அவனுக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

“எனக்காக ரெண்டு பேரு தலையக்கூடத் துவட்டாம வந்து சத்தியம் பண்ணியிருக்காங்க. அத வீணாக்காத. கிளம்பு, ஜன்னல மூடிடுவாங்க.”

நீதிமன்றத்துக்குப் போகும் வழியில் சிக்னல் விளக்குகள் எல்லாம் பச்சையாகவே விழுந்தன. வேறு எந்த நாளிலும் அவனுக்கு அப்படி விழுந்ததில்லை. ஜன்னலுக்குப் போய்ச் சேர்ந்தபோது இன்னும் எட்டு நிமிடம் பாக்கி இருந்தது. பின்னால் வந்த ஒரு கிழவரை முன்னே போகச் சொன்னான். கைக்குழந்தையோடு வந்தவளையும் முன்னே போகச் சொன்னான். மூன்றாவதாக யாரும் வரவில்லை.

உறையை உள்ளே நீட்டினான்.