கடைசியாகத் தொட்டவர்

நான் செய்த ஒரே தப்பு, ஸ்டோரில் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்கும் படிவத்தில் உண்மையை எழுதியது. ‘பொருளின் தற்போதைய நிலை’ என்ற இடத்தில் எல்லோரும் ‘நன்று’ என்று எழுதிவிட்டுப் போவார்கள். ஆய்வுக்கூடத்தில் ஒன்பது வருஷம் குப்பை கொட்டியவள் அல்லவா, நான் ‘மேற்பரப்பு உருமாறியுள்ளது’ என்று எழுதி, அணுக்கள் தெரியும் படம் ஒன்றையும் பின் குத்தி வைத்தேன்.

அன்று எனக்கு வேலையில் கடைசி நாள். ஸ்டோர்காரர் கையெழுத்துப் போட்டால்தான் விடுவிப்பார்கள். ஐந்தரை பஸ்ஸைப் பிடித்தால் மகள் தூங்குவதற்குள் அக்கா வீட்டுக்குப் போய்விடலாம். மறுநாள் அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் முதல் நாள். பத்து மாதமாக அக்காதான் வளர்க்கிறாள். என்னை மகள் ‘ஃபோன் அம்மா’ என்கிறாள்.

ஸ்டோர்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் சட்டம். ‘கடைசியாகத் தொட்டவரே பொறுப்பு’ என்று பலகை எழுதித் தன் தலைக்கு மேல் ஆணி அடித்து மாட்டியிருக்கிறார். காலை பத்து மணிக்கு என் படத்தை நேராகப் பார்த்தார், தலைகீழாகவும் பார்த்தார். பிறகு நான் கொண்டுபோன எவர்சில்வர் டப்பாவின் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். துளிக் காற்று இல்லாத அந்த டப்பாவுக்குள் செம்புத் துண்டு சட்டைப் பித்தான் அளவில் பளபளவென்று கிடந்தது. ஒரு கீறல் கிடையாது.

“குடுக்கும்போது அணுவெல்லாம் நேரா நின்னுச்சு. இப்ப படத்துல ரம்பப் பல்லு மாதிரி இருக்கு. யாரு பண்ணுனது?”

“நாங்க இல்லண்ணே. ஒரு கரிமப் பொருளை ஆவியாக்கி அதுமேல விட்டோம். அந்த மூலக்கூறுங்க போய் உக்காந்துச்சு. உக்கார வசதியா செம்பு அணுவை இழுத்து நகத்திடுச்சு.”

“சும்மா உக்காந்ததுக்கேவா?”

“சும்மா உக்காந்ததுக்கே.”

அவர் பொருள் வாங்கியவர்களின் பட்டியலை முழுசாகப் புரட்டினார். “அதுங்க பேரே இதுல இல்ல. எறக்கி விட்டுட்டு, பழையபடி வரிசையா நிக்கவச்சுக் கொண்டாம்மா.”

தலையில் அடித்துக்கொண்டு திரும்பினேன். மூலக்கூறுகளை அயனிகளால் அடித்து விரட்டி, செம்பைச் சிவக்கச் சிவக்கச் சுட்டு, ஆற வைத்து, மறுபடி அடித்து, மறுபடி சுட்டு, புதுப் படம் எடுத்தபோது மணி நாலரை. அணுக்கள் பிரேயருக்கு நிற்கும் பிள்ளைகளைப் போல வரிசையில் நின்றன. காற்றுப் படாமல் டப்பாவுக்கு மாற்றி மூடிக்கொண்டு ஓடினேன். நான் போய் நிற்கும்போது ஐந்தாகப் பத்து நிமிஷம்.

படத்தைப் பார்த்துச் சட்டம் தலையாட்டினார். எனக்கு உயிர் வந்தது. அதற்குள் அவர் டப்பாவின் வால்வைத் திருகிவிட்டார். உஸ்ஸென்று காற்று உள்ளே போயிற்று.

“அண்ணே, திறக்கக் கூடாது.”

“கையால எடுத்துப் பாக்காம எதையும் வாங்குற வழக்கம் இல்ல.” செம்பை எடுத்துக் கட்டை விரலால் நன்றாகத் தேய்த்தார். “வழவழன்னு இருக்கே.”

எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. அழுதால் பஸ் போய்விடும்.

“உங்க விரல்ல எண்ணெய்ப் பசை இருக்குல்ல? அதுவும் கரிமம்தான். இப்ப போய் உக்காந்திருக்கும்.”

சட்டத்தின் கை நின்றது. “நகத்துமா?”

“நகத்தாம இருக்குமா?”

சட்டை நுனியால் துடைத்தார். சட்டையில் காலையிலிருந்து சேர்ந்த வியர்வையும் செம்பில் ஏறியது. மெதுவாகத் தலையை நிமிர்த்தித் தன் பலகையைப் பார்த்தார். எழுத்து பெரியது, கண்ணாடி இல்லாமலே படிக்கலாம்.

“இந்தப் படம் நான் தொடறதுக்கு முன்னாடி எடுத்ததுதானே?”

“முன்னாடிதான்.”

“வேற படம் எதுவும் எடுக்க மாட்டியே?”

“பஸ்ஸுக்கு நேரமாச்சுண்ணே.”

படிவத்தில் ‘நன்று’ என்று எழுதினார். அது போதாதென்று பக்கத்தில் இன்னொரு ‘நன்று’ போட்டு, கையெழுத்திட்டு, செம்புத் துண்டை மேசை டிராயரின் அடியில் தள்ளிப் பூட்டினார்.

ஏழரைக்கு அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். மகள் அக்காவின் முதுகுக்குப் பின்னாலிருந்து வெகுநேரம் என்னைப் பார்த்தாள். நான் தரையில் உட்கார்ந்தேன். பிறகு அவளாகவே கிட்டே வந்து, என் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, கன்னத்தில் கட்டை விரலை வைத்து அழுத்தினாள்.

“ஃபோன்ல வேற மாதிரி இருந்த,” என்றாள்.

“இருக்கட்டும்,” என்றேன். “தொட்டுட்டல்ல, இனிமே நீதான் வச்சுக்கணும்.”