வெள்ளையாக விட்ட கேக்குகள்

வெல்டருக்கு இரும்பைத் தெரியும், கிரீமைத் தெரியாது. இருந்தும் அக்காவின் கேக் கடையில் காலையிலிருந்து கிரீம் பையைப் பிழிந்துகொண்டிருந்தான். முதலில் எடுத்த கப் கேக்கெல்லாம் பாழ். "டேய், அது வெண்ணெய்டா, கம்பி இல்ல. மெதுவா அமுக்கு" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். திட்டை வாங்கிக்கட்டிக்கொண்டானே தவிர, பையை அவளிடம் கொடுக்க மனுஷன் சம்மதிக்கவில்லை. மகளுக்குப் பிறந்தநாள். தன் கையால்தான் செய்வேன் என்று ஒரே பிடிவாதம்.

கேக்குகளை வரிசையாக வைத்தால் ஒரு வீடியோ கேம். பெரிய பூதமும் குட்டிப் பூதமும் சேர்ந்து கட்டம் கட்டமாகத் தாண்டிப் போகிற விளையாட்டு. அப்பா ஆடுவது பெரிசு, மகள் ஆடுவது சின்னது. பெரிசு தூக்கிவிட்டால்தான் சின்னது மேலே ஏற முடியும். பச்சைக் கிரீமில் காடு, நீலத்தில் ஆறு, பிஸ்கட்டைப் பொடித்துப் பாலைவனம், சாக்லேட் குச்சியில் தொங்கு பாலம். இருவரும் ஆடியது பாலத்தோடு சரி. அந்தக் கட்டத்தில் நிற்கும்போதுதான் புருஷன் பெண்டாட்டி சண்டை முற்றி வீடு இரண்டானது. மகள் அம்மாவோடு போனாள். போகும்போது வாசலில் நின்று, நீ இல்லாமல் நானும் ஆட மாட்டேன், நான் இல்லாமல் நீயும் ஆடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து கேம் பெட்டியின் மேல் துணியைப் போட்டு மூடி வைத்திருக்கிறான். கை துறுதுறுத்தாலும் தொட்டதில்லை. இப்படியொரு பைத்தியக்காரனை எங்கே போய்த் தேடுவது?

பாலத்துக்கு அப்புறம் இன்னும் மூன்று கட்டம் உண்டு, அவற்றில் என்ன வரும் என்று அவனுக்குத் தெரியாது. அதனால் கடைசி மூன்று கேக்குகளையும் வெறும் வெள்ளைக் கிரீம் பூசி விட்டுவிட்டான். நாளைக்கு லீவுதானே, வீட்டுக்கு வா, மிச்சத்தை ஆடிப் பார்த்துவிட்டு வரையலாம் என்று அவளைக் கேட்க வேண்டும். கேட்கத்தான் இத்தனை பாடு. பார்க்கப் போகும்போதெல்லாம் பள்ளிக்கூடம், வெயில் என்று எதையெதையோ பேசிவிட்டு, முக்கியமானதை விழுங்கிக்கொண்டு திரும்புகிற ஆள் அவன்.

சாயங்காலம் மகள் இருக்கும் வீட்டில் கதவைத் திறந்தது, அவள் அம்மாவின் இப்போதைய புருஷன். வாய் நிறைய வாங்க என்றார், பெட்டியை ஒரு கை பிடித்தார். நல்ல மனுஷன், அதுதான் இவனுக்கு இன்னும் கஷ்டம்.

சமையலறை மேஜையில் பெட்டியைத் திறந்ததும் மகள் குதித்தாள். காடு, ஆறு என்று விரல் வைத்துச் சொல்லிக்கொண்டே வந்தவள் வெள்ளைக் கேக்குகளைப் பார்த்தாள். "இதை முடிக்கலையாப்பா? குடு, நான் போடுறேன்." வழியில் அழிந்தால் திருத்திக்கொள்ள அக்கா கொடுத்தனுப்பிய கிரீம் பையைப் பிடுங்கிக்கொண்டாள்.

அவன் வாயைத் திறப்பதற்குள் ஒன்றில் கோட்டை எழும்பிவிட்டது. அடுத்ததில் பனிமலை. மூன்றாவதில் கடல், கரையில் இரண்டு பூதங்கள். பிள்ளை யோசிக்கவே இல்லை, அத்தனையும் மனப்பாடம்.

"கடைசியில கடலா வரும்?" என்று கேட்டான்.

"ஆமாப்பா, சூப்பரா இருக்கும். நாங்க போன லீவுலயே முடிச்சு..."

பாதியில் நிறுத்திவிட்டாள். சத்தியம் அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகம் சுண்டிப்போனது.

"பெரிசை யாரு ஆடினா?" கேட்டிருக்கவே கூடாது. வாய் சும்மா இருந்தால்தானே!

அவள் ஹாலை எட்டிப் பார்த்தாள். அந்த மனிதர் பலூன் கட்டிக்கொண்டிருந்தார். அப்பாவை ஒட்டி நின்று குரலைத் தாழ்த்தினாள். "அவருதான். ஆனா அவருக்கு ஒண்ணுமே வராதுப்பா. சும்மா சும்மா கீழ விழுந்துடுவாரு. உன்னை மாதிரி தூக்கிவிடத் தெரியாது."

பச்சைப் பொய். பெரிசு விழுந்துகொண்டே இருந்தால் கடல்வரை போகவே முடியாது என்பது ஆடினவனுக்குத் தெரியாதா? அப்பன் மனசு நோகக்கூடாது என்று இந்தப் பொடிசு புளுகுகிறது. பிள்ளையை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்துவிட்டோமே என்பதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

நாளைக்கு வருகிறாயா என்று அவன் கேட்கவில்லை.

"நல்லாத்தான் ஆடியிருப்பாரு குட்டி. இல்லேன்னா அவ்வளவு தூரம் போயிருக்க முடியாது" என்றான்.

அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "ஆமாப்பா, ரொம்ப நல்லா ஆடுவாரு" என்று சொல்லிவிட்டு, கேக்கைக் காட்ட அவரைக் கூப்பிட்டுக்கொண்டே ஹாலுக்கு ஓடினாள்.